பட்டாளத்து முகவரி

ஒரு தாய்க்குக் கடிதம் வந்தது. மகன் பட்டாளத்தில் இருக்கிறான். முன்பெல்லாம் தபால்காரர்தான் கடிதத்தைப் படித்துச் சொல்லுவார். இந்தத் தடவை அந்தத் தாய் தானே பிரித்துப் படித்தார். உள்ளே இருந்தது எளிதாகப் புரிந்தது. மகன் நலம். சாப்பாடு பரவாயில்லை. லீவு கிடைத்தால் திருவிழாவுக்கு வருவான்.

உறையின் பின்பக்கம் மகனுடைய முகவரி இருந்தது. அதுதான் புரியவில்லை.

முதலில் ஒரு நீண்ட எண். அடுத்து 'சாப்பர்' என்று ஒரு சொல். அதன் பிறகு மகனின் பெயர். அதற்குக் கீழே ஒரு கம்பெனி. ஓர் இன்ஜினியர் ரெஜிமெண்ட். கடைசியில் '56 ஏ.பி.ஓ.'

ஊர்ப் பெயர் எங்கே? மாவட்டம் எங்கே? மாநிலம் எங்கே? எதுவுமே இல்லை.

"சாப்பர் என்று போட்டிருக்கிறதே. அப்படியானால் என் மகன் சிப்பாய் இல்லையா?" என்று அந்தத் தாய் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். "பாலம் போடுகிற வேலையாம். அதற்கு எதற்குப் பட்டாளத்துக்குப் போக வேண்டும்?" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தது சரியில்லை. ஆனால் தாய் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அந்த முகவரியில் ஒவ்வொரு வரிக்கும் பொருள் உண்டு. சில வரிகளுக்குப் பின்னால் இருநூறு வருடக் கதையே இருக்கிறது.

பெயருக்கு முன்னால் உள்ள சொல்

முதலில் உள்ள எண் அந்த வீரருக்கு மட்டுமே உரியது. ஒரே பெயரில் நூறு பேர் இருக்கலாம். ஒரே எண்ணில் இருவர் இருக்க மாட்டார்கள்.

அடுத்து வருவது பதவி. பட்டாளத்தில் சேருகிறவர் முதலில் சிப்பாய். ஆனால் எல்லாப் படைப்பிரிவிலும் அவரைச் சிப்பாய் என்றே அழைப்பதில்லை. பீரங்கிப் படையில் அவர் பெயர் கன்னர். தகவல் தொடர்புப் படையில் சிக்னல்மேன். டாங்கிப் படையில் சவார். ரைபிள்ஸ் என்று பெயருள்ள ரெஜிமெண்டுகளில் ரைபிள்மேன். பொறியாளர் படையில் சாப்பர். எல்லாம் ஒரே படிதான். சொல்தான் வேறு. 2022-ஆம் ஆண்டு முதல் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அக்னிவீர் என்று பெயர். அவர்கள் முதலில் 4 ஆண்டுகளுக்குச் சேருகிறார்கள்.

சிப்பாய்க்கு மேலே லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார். அதற்கும் மேலே நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். குதிரைப் படையாக இருந்து டாங்கிப் படையாக மாறிய பிரிவுகளில் ஹவில்தாருக்குத் தபேதார் என்று பெயர். கலெக்டர் அலுவலகத்தில் தபேதார் ஒருவர் இருப்பாரே, அதே சொல்தான். குதிரை போய்விட்டது. சொல் மட்டும் நிற்கிறது.

கம்பெனி என்றால் ஆலை அல்ல

கம்பெனி என்றதும் நமக்கு ஆலைதான் நினைவுக்கு வரும். பட்டாளத்தில் கம்பெனி என்றால் சுமார் 120 பேர் கொண்ட குழு. பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு செக்‌ஷன். மூன்று செக்‌ஷன் சேர்ந்தால் ஒரு பிளட்டூன். மூன்று பிளட்டூன்களும் வேறு சிலரும் சேர்ந்தால் ஒரு கம்பெனி. சில கம்பெனிகள் சேர்ந்தால் ஒரு பட்டாலியன். அதில் சுமார் 800 பேர் இருப்பார்கள். நாம் சொல்லும் 'பட்டாளம்' இந்தப் பட்டாலியன்தான்.

காலாட்படையில் ஒரு ரெஜிமெண்டுக்குப் பல பட்டாலியன்கள் உண்டு. '13 குமாவுன்' என்றால் குமாவுன் ரெஜிமெண்டின் 13-வது பட்டாலியன்.

காலாட்படையின் வேலை என்ன? இடத்தைப் பிடிப்பது. பிடித்த இடத்தை விடாமல் காப்பது. கேட்பதற்குச் சுலபம்.

1962-ஆம் ஆண்டு சீனாவுடன் போர் நடந்தது. லடாக்கில் ரெசாங் லா என்று ஒரு மலைக் கணவாய். உயரம் 16,000 அடிக்கும் மேல். மூச்சு விடவே கஷ்டமான இடம். அங்கே 13 குமாவுன் பட்டாலியனின் ஒரு கம்பெனி காவல் இருந்தது. சுமார் 120 பேர். தலைவர் மேஜர் ஷைத்தான் சிங். சிப்பாய்களில் பெரும்பாலோர் இன்றைய ஹரியானாப் பகுதியின் உழவர் வீட்டுப் பிள்ளைகள். சமவெளியில் வளர்ந்தவர்கள்.

நவம்பர் 18 அதிகாலை. சீனப் படை பெரிய கூட்டமாக வந்து தாக்கியது. கம்பெனியிடம் இருந்தவை பழைய துப்பாக்கிகள். நம் பீரங்கிகள் பின்னால் இருந்தன. ஆனால் இடையில் ஓர் உயரமான மலை. பீரங்கிக் குண்டு அதைத் தாண்டி வந்து உதவ முடியாது. அந்த 120 பேருக்கும் அவர்களே துணை.

அவர்கள் இடத்தை விட்டு நகரவில்லை. 110-க்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே இறந்தார்கள். மேஜர் ஷைத்தான் சிங்கும் இறந்தார். அவருக்குப் பரம் வீர் சக்ரா விருது தரப்பட்டது. போர்க்களத்தில் காட்டும் வீரத்துக்கு நாடு தரும் மிக உயர்ந்த விருது அது.

பனி எல்லாவற்றையும் மூடிவிட்டது. 1963 பிப்ரவரியில் ஆடு மேய்க்கிறவர் ஒருவர் அந்தப் பக்கம் போனார். அவர்தான் உடல்களைப் பார்த்தார். துப்பாக்கியைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. மருத்துவ உதவியாளர் ஒருவரின் கையில் ஊசியும் கட்டுத் துணியும் இருந்தன. யாருக்கோ கட்டுப் போடும்போதே அவர் இறந்திருக்கிறார்.

இந்தப் போரை வீரக் கதையாக மட்டும் சொல்வது வழக்கம். வீரம் உண்மைதான். ஆனால் பீரங்கியின் உதவி எட்டாத இடத்தில் காலாட்படை நின்றால் என்ன ஆகும் என்பதும் இதில் தெரிகிறது.

மலையைத் தாண்டிய குண்டு

1999-இல் கார்கில் போர் வந்தது. பாகிஸ்தான் படையினர் மலை உச்சிகளில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். கீழே இருந்து ஏறுகிறவர் மேலே இருப்பவர் கண்ணில் படுவார். சுடுவது சுலபம். இந்தத் தடவை நம் பீரங்கிகள் உச்சிகளைக் குறிவைத்து அடித்தன. போபர்ஸ் பீரங்கியின் ஒரு குண்டு 40 கிலோவுக்கு மேல் எடை. குண்டு விழும் நேரத்தில் மேலே இருப்பவர் தலையைத் தூக்க முடியாது. அந்த நேரத்தில் காலாட்படை இருட்டோடு இருட்டாக ஏறியது. தோலோலிங் என்ற உச்சியை 2 ராஜபுதன ரைபிள்ஸ் ஜூன் 13-இல் பிடித்தது. ஜூலை 4-இல் டைகர் ஹில் உச்சியில் 18 கிரெனேடியர்ஸ் கொடி ஏற்றியது.

அப்போதும் இழப்பு பெரியதுதான். அந்தப் போரில் 500-க்கும் அதிகமான நம் வீரர்கள் இறந்தார்கள்.

சாப்பர்கள்

இப்போது அந்தத் தாயின் மகனிடம் வருவோம். சாப்பர் என்றால் பொறியாளர் படையின் சிப்பாய். அவருக்கும் துப்பாக்கிப் பயிற்சி உண்டு. அதோடு கூடக் கைத்தொழிலும் உண்டு. தச்சு, கொல்லு, கட்டடம், மின்சாரம், படகு, வெடிமருந்து என்று ஏதாவது ஒன்று கற்றிருப்பார். படை முன்னேற வேண்டுமா? பாதை போடுவது இவர். ஆற்றில் பாலம் போடுவது இவர். எதிரி புதைத்த கண்ணிவெடியைத் தேடி எடுப்பதும் இவர். அதாவது மற்றவர்கள் நடக்கப்போகும் தரையில் முதலில் கால் வைப்பவர் இவர்தான்.

நம் நாட்டில் சாப்பர்களுக்கு மூன்று குழுக்கள் உண்டு. மெட்ராஸ், வங்காளம், பம்பாய் என்று பழைய மாகாணங்களின் பெயர்கள் அவற்றுக்கு நிலைத்துவிட்டன. மெட்ராஸ் சாப்பர்களின் கதை 1780-இல் சென்னைப் பட்டணத்தில் தொடங்கியது. இன்று அவர்களின் தலைமையிடம் பெங்களூரு. தென்மாநிலங்களின் பிள்ளைகள் இதில் அதிகம். பட்டாளத்தில் இவர்களுக்குச் செல்லப் பெயர் 'தம்பி'.

இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்கள் இத்தாலி வரை போனார்கள். அவர்களில் ஒருவர் சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். 1944 ஜூன் 24 அன்று மிக்னானோ என்ற ஊரில் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்தது. கூட இருந்தவர் ஒருவர் வெடியை மிதித்துவிட்டார். மிதித்ததும் அது வெடிக்காது. சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடிகளில் தப்பி ஓடலாம். சுப்பிரமணியன் ஓடவில்லை. வெடியின் மேல் விழுந்து படுத்துக்கொண்டார். வெடி அவர் உடலோடு நின்றது. கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். அவர் இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் என்ற பெரிய விருது தரப்பட்டது.

பாலம் போடும் வேலையையும் பார்ப்போம். 2024 ஜூலை 30 அதிகாலை. கேரளத்தில் வயநாடு மாவட்டம். பெருமழையில் மலை சரிந்தது. முண்டக்கை, சூரல்மலை என்ற ஊர்கள் மண்ணில் புதைந்தன. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆற்றுப் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அக்கரையில் உயிரோடு இருந்தவர்களிடம் மண்வாரி இயந்திரம் போக வழியில்லை. ஆம்புலன்சும் போக முடியாது.

மெட்ராஸ் சாப்பர்கள் வந்தார்கள். அவர்கள் போட்டது பெய்லி பாலம். இதற்குச் சிமெண்டு வேண்டாம். இரும்புச் சட்டங்களைக் கொண்டுவந்து, ஒன்றோடொன்று பொருத்தி, ஆணி செருகிப் பூட்டுவார்கள். ஒரு சட்டம் 10 அடி நீளம். எடை சுமார் 260 கிலோ. ஆறு பேர் சேர்ந்து கையால் தூக்கலாம். இக்கரையிலேயே பாலத்தைப் பூட்டிப் பூட்டி, அக்கரை நோக்கித் தள்ளிக்கொண்டே போவார்கள். சட்டங்களில் சில டில்லியிலிருந்து விமானத்தில் கண்ணூர் வந்தன. சில பெங்களூரிலிருந்து லாரியில் வந்தன. சேற்றிலும் மழையிலும் இரவு பகல் பாராமல் வேலை நடந்தது. இந்தப் பணியில் முன்னின்ற அதிகாரிகளில் ஒருவர் மேஜர் சீதா ஷெல்கே. அவர் ஒரு பெண். ஆகஸ்ட் 1 மாலை பாலம் தயார். நீளம் 190 அடி. 24 டன் எடையுள்ள வண்டி போகலாம். முதல் வண்டி அன்றே ஆற்றைத் தாண்டியது.

பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாரே, "இதற்கு எதற்குப் பட்டாளத்துக்குப் போக வேண்டும்?" என்று. அக்கரையில் காத்திருந்தவர்கள் பதில் சொல்வார்கள்.

கோவேறு கழுதையும் ரயில் இன்ஜினும்

மலை உச்சியில் இருக்கும் சிப்பாய்க்கு அரிசி எப்படிப் போகிறது? மண்ணெண்ணெய் எப்படிப் போகிறது? இதற்கென்றே ஆர்மி சர்வீஸ் கோர் என்ற படை இருக்கிறது. லாரி போகும் வரை லாரி. லாரி போகாத இடத்தில் கோவேறு கழுதை.

பெடோங்கி என்று ஒரு கோவேறு கழுதை இருந்தது. 1971 போரில் அது பாகிஸ்தான் படையிடம் சிக்கிக்கொண்டது. அவர்கள் அதன் முதுகில் இயந்திரத் துப்பாக்கியும் தோட்டாக்களும் ஏற்றினார்கள். அது தப்பித்துக்கொண்டு சுமையோடு நம் பக்கமே வந்துசேர்ந்தது. அதன் பிறகும் நெடுங்காலம் சுமை தூக்கியது. 1998-இல் முதுமையால் இறந்தது. டில்லியில் அதிகாரிகள் கூடும் ஓர் அறைக்கு அதன் பெயரை வைத்திருக்கிறார்கள். மனிதர்களில் எத்தனை பேருக்கு அது கிடைக்கும்!

மருத்துவப் படையின் கதை ஒன்றும் உண்டு. 1950-இல் கொரியாவில் பெரிய போர். இந்தியா அங்கே சண்டை போட ஆள் அனுப்பவில்லை. காயம்பட்டவர்களைப் பார்க்க ஒரு மருத்துவப் பிரிவை அனுப்பியது. 60-வது பாராசூட் பீல்டு ஆம்புலன்ஸ் என்று அதற்குப் பெயர். தலைவர் டாக்டர் ரங்கராஜ். அவர்கள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் சீனப் படை வேகமாக முன்னேறி வந்தது. பியோங்யாங் நகரத்தைக் காலி செய்ய உத்தரவு வந்தது. மருந்தையும் கருவிகளையும் ஏற்ற வண்டி இல்லை. விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். மருந்து இல்லாத மருத்துவர் எதற்கு? அவர்கள் தேடினார்கள். ஒரு பழைய நீராவி ரயில் இன்ஜின் அனாதையாக நின்றது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். நெருப்பு மூட்டினார்கள். ரயில் ஓட்டத் தெரிந்தவர்கள் அவர்களிலேயே இருந்தார்கள். மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டினார்கள். அதன் பின் பாலம் தகர்க்கப்பட்டது. அந்த மருந்துகளால்தான் அவர்கள் கொரியாவில் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் வேலை செய்ய முடிந்தது. போர்வீரர், ஊர்மக்கள் என்று பாராமல் வைத்தியம் பார்த்தார்கள். ரங்கராஜுக்கு மகா வீர் சக்ரா விருது கிடைத்தது.

யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள்

ரெஜிமெண்டுகளின் பெயரைக் கவனியுங்கள். சீக்கியர், ஜாட், ராஜ்புத், டோக்ரா, கூர்க்கா, கார்வால், மெட்ராஸ். சில பெயர்கள் ஊர்ப் பெயர்கள். சில சாதிப் பெயர்கள். இது எப்படி வந்தது?

1857-இல் வடக்கே சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். அதற்குப் பிறகு ஆங்கிலேயர் ஒரு கணக்குப் போட்டார்கள். சில சாதியார், சில இனத்தார் மட்டுமே போருக்குத் தகுதியானவர்கள் என்றார்கள். மற்றவர்கள் தகுதியற்றவர்கள் என்றார்கள். ராபர்ட்ஸ் என்ற தளபதி இதை அதிகம் பேசினார். இதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

இந்தக் கணக்கில் தெற்கத்தியார் அடிபட்டார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டின் வேர் 1758 வரை போகிறது. 1803-இல் அசாயே போரில் மெட்ராஸ் சிப்பாய்கள் காட்டிய வீரத்துக்காக யானைச் சின்னம் கிடைத்தது. இன்றும் அந்த ரெஜிமெண்டின் சின்னத்தில் யானை இருக்கிறது. அப்படிப்பட்ட படையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். 1920-களில் கலைத்தே விட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்தது. தகுதி பற்றிய பேச்சு அப்போது எங்கே போனதோ! மெட்ராஸ் ரெஜிமெண்ட் மறுபடி பிறந்தது. இன்று அதன் பயிற்சி மையம் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது.

மகாராஷ்டிரத்தின் மகர் மக்களுக்கு நடந்தது இன்னும் கொடுமை. ஊரில் அவர்கள் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். பழைய பம்பாய்ப் படையில் அவர்களுக்கு இடம் இருந்தது. அங்கே சீருடை கிடைத்தது. சம்பளம் கிடைத்தது. எழுத்தும் கிடைத்தது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி அந்தப் படையில் சுபேதார். பட்டாளத்துப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராகவும் இருந்தார். அம்பேத்கர் பிறந்ததே மாவ் என்ற பட்டாளத்து ஊரில்தான். 1890-களின் தொடக்கத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கிலேயர் நிறுத்தினார்கள். ஒரு கதவு சாத்தப்பட்டது. ஒரு வீட்டுக்குச் சம்பளமும் மரியாதையும் படிப்பும் சேர்ந்து வந்த கதவு அது.

முதல் உலகப் போரின்போது கொஞ்சம் திறந்தார்கள். போர் முடிந்ததும் மூடினார்கள். அம்பேத்கரும் மற்றவர்களும் விடாமல் கேட்டார்கள். 1941 அக்டோபரில் மகர் ரெஜிமெண்ட் பெல்காமில் அமைந்தது. இன்று அதில் பல மாநிலத்தாரும் பல சாதியாரும் சேர்ந்து இருக்கிறார்கள். தமிழரான ஜெனரல் சுந்தர்ஜி இந்த ரெஜிமெண்டிலிருந்து வந்தவர்தான். அவர் 1986-இல் தரைப்படையின் தலைமைத் தளபதி ஆனார்.

விடுதலைக்குப் பிறகு 1949-இல் கார்ட்ஸ் என்ற படைப்பிரிவு அமைந்தது. அதில் சாதி, ஊர் பார்க்காமல் கலந்து வைத்தார்கள். பொறியாளர், மருத்துவம், சிக்னல் போன்ற பணிகளில் பலரும் சேரலாம். ஆனால் பழைய காலாட்படை ரெஜிமெண்டுகள் சிலவற்றில் பழைய வழக்கம் முழுவதும் போகவில்லை. ஒரே மொழி பேசுகிறவர்கள் சேர்ந்தால் நன்றாகச் சண்டையிடுவார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். கலந்திருக்கும் படைகள் சளைத்ததாகக் கார்கிலில் யாரும் பார்க்கவில்லை.

பெண்கள் நெடுங்காலமாகப் பட்டாளத்தில் நர்ஸ், டாக்டர் வேலைகளில் இருக்கிறார்கள். பின்னர் அதிகாரிகளாக மற்றப் பிரிவுகளுக்கும் வந்தார்கள். சிப்பாய் நிலையில் பெண்களுக்கு இடம் கிடைத்தது மிகவும் பின்னால்தான். ராணுவக் காவல் படையின் முதல் பெண் சிப்பாய்கள் 83 பேர். 2021 மே மாதம் பெங்களூரில் பயிற்சி முடித்தார்கள்.

56 ஏ.பி.ஓ.

கடைசி வரிக்கு வந்துவிட்டோம். ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் நிலையம். 56 என்பது அதன் எண். சில முகவரிகளில் 99 ஏ.பி.ஓ. என்று இருக்கும். 56 என்று போட்ட கடிதங்கள் டில்லியில் உள்ள ராணுவத் தபால் மையத்துக்குப் போகும். 99 என்று போட்டவை கல்கத்தா மையத்துக்குப் போகும். அங்கே உள்ள ராணுவத் தபால்காரர்களுக்குத்தான் எந்தப் பட்டாளம் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியும். அவர்களும் சீருடை அணிந்தவர்கள்தான். அவர்கள் கடிதத்தைப் பிரித்து, விமானத்திலோ லாரியிலோ அனுப்பிவிடுவார்கள். பட்டாளம் ராஜஸ்தானிலிருந்து அருணாசலத்துக்குப் போனால்கூட வீட்டுக் கடிதம் தேடிக்கொண்டு போகும்.

ஊர்ப் பெயர் இல்லாததற்குக் காரணம் இதுதான். உறையைப் பார்க்கிற யாருக்கும் பட்டாளம் இருக்கும் இடம் தெரியக் கூடாது. தாய்க்கும்தான். அது கஷ்டம்தான். ஆனால் மகனின் உயிருக்கு அது காவல். போனில் யாராவது அழைத்து, "உங்கள் மகன் எந்த இடத்தில் இருக்கிறார்?" என்று நயமாகக் கேட்டால் சொல்லக் கூடாது என்பதும் இதனால்தான்.

இப்போது கையில் போன் இருக்கிறது. கடிதம் குறைந்துவிட்டது. ஆனாலும் பார்சல் அனுப்ப இந்த முகவரிதான் வேண்டும். எழுதும்போது எண், பதவி, பெயர், கம்பெனி, ரெஜிமெண்ட், ஏ.பி.ஓ. என்று வரிசையாக எழுத வேண்டும். பின்கோடு எண் 9-இல் தொடங்கும். நாட்டில் வேறு எந்த ஊரின் பின்கோடும் 9-இல் தொடங்காது. எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் கடிதம் வேறு பட்டாளத்துக்குப் போய்விடும்.

அந்தத் தாய் மகனுக்குப் பதில் எழுதினார். முகவரியைத் தானே எழுதினார். 'சாப்பர்' என்ற சொல்லைக் கொஞ்சம் பெரியதாக எழுதினார்.